வேண்டாம் என்ற கேள்வி

சர்க்கார் மலைக்காரன் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை என்று யாராவது சொன்னால் கெங்கம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரு தடவை கேட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்தும் கொடுத்தது. நெல்லிமரத்தூர்க்காரர்கள் அதற்கு முன்னால் ரோடு கேட்டார்கள், வரவில்லை. பஸ் கேட்டார்கள், அது ஜமுனாமரத்தூரோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. காட்டுக்குள் விறகு பொறுக்கப் போன பெண்களைக் காவலர் மிரட்டாமல் இருக்கட்டும் என்று கேட்டார்கள், மிரட்டல்தான் அதிகமாயிற்று. எதற்கும் அசையாத சர்க்கார் அந்த ஒன்றுக்கு மட்டும் அசைந்தது. அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

எமர்ஜென்சி முடிந்து ஆட்சியெல்லாம் மாறியிருந்த சமயம். சாமை கதிர் பிடிக்கும் நாளில், கீழேயிருந்து ஒருவன் தமுக்கை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தான். மலை ஊர்களில் வீடு வீடாக வந்து சுகாதாரக் கணக்கு எடுக்கப்போகிறார்களாம். என்னென்ன கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில், சந்தை நாளன்று படித்துக் காட்டுவார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாமாம். மக்களைக் கேட்காமல் இனிமேல் எதுவும் செய்வதில்லை என்று உத்தரவாம்.

தமுக்குக்காரன் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனதும் ஆண்கள் எல்லோரும் மாரியம்மன் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். சர்க்கார் கேட்காமல் செய்வது அவர்களுக்குப் பழக்கம். கேட்டுவிட்டுச் செய்கிறது என்றதும்தான் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. வேடியப்பன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒருவர் வந்து, வீட்டில் எத்தனை பேர், பெண்டாட்டிக்கு எத்தனை வயசு, பிள்ளை எத்தனை என்று சிரித்துப் பேசி எழுதிக்கொண்டு போனார். மறு மாதம் சந்தையில் லாரி நின்றது. தேன் விற்கப்போன வேடியப்பனை, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவனை, அதில் ஏற்றிக்கொண்டு போய், குடும்பக் கட்டுப்பாடு என்று அறுத்து அனுப்பினார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். பெண்டாட்டி ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வாளி மட்டும் உடையாமல் இருக்கிறது. அவன் அதில்தான் தண்ணீர் மொண்டு வருகிறான்.

"என்னையும் மொதல்ல எண்ணத்தான் எண்ணுனாங்க" என்றான் வேடியப்பன். அதற்குமேல் கோயில் முன்னால் பேச்சுக்கு வேலை இருக்கவில்லை. பெண்டு பிள்ளை கணக்கு மட்டும் கேட்கக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. அதைப் போய்ச் சொல்ல துரைக்கண்ணுவை நியமித்தார்கள்.

துரைக்கண்ணு கெங்கம்மாளின் புருஷன். போளூர் மண்டியில் புளி போட்டு வருகிற ஆள். தரகனிடமும் போலீஸ்காரனிடமும் வாய் கொடுத்துப் பழகியவன். ஊரில் மற்றவர்கள் அதிகாரி முன்னால் நின்றால் துண்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு காலைப் பார்ப்பார்கள். இவன் முகத்தைப் பார்த்துப் பேசுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்குச் சாயங்காலமே கெங்கம்மாள் அவனிடம் வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கும் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரே மகள் சாந்தம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளை தசரதன் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். வந்தபோதே பெண்ணின் கால் வீங்கித்தான் இருந்தது. கொலுசைக் கழற்ற விளக்கெண்ணெய் தடவ வேண்டியதாயிற்று.

முந்தின சந்தைக்கு கெங்கம்மாள் அவளை மெல்ல நடத்திக்கொண்டு போய் நர்ஸ் ரபியாவிடம் காட்டியிருந்தாள். ரபியா வாணியம்பாடிப் பெண். சந்தை நாளில் மட்டும் மலையேறி வந்து, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் சாந்தம்மாளின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. கையில் பட்டை சுற்றிப் பார்த்தாள். பிறகு பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு கெங்கம்மாளிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இது நல்ல வீக்கம் இல்ல. ரத்தக் கொதிப்பு கீது. வலி எடுக்கறப்போ பக்கத்துல நர்சு இருந்தே ஆவணும். இல்லன்னா வலிப்பு வந்துடும்."

"நர்சுக்கு நான் எங்க போவேன் தாயி? எங்க ஊருலேருந்து இங்க வர்றதுக்கே ரெண்டு மலை தாண்டணும்."

"அதான் சொல்றேன். மலையில சுகாதாரக் கணக்கு எடுக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி இங்க ஒரு கூட்டம் போடுவாங்க. அப்பவே மலைக்கு ஒரு நர்ச தங்க வெக்கப் போறாங்க. ஒண்ணே ஒண்ணுதான். எந்தப் பக்கம் புள்ளைங்க சாவு ஜாஸ்தின்னு அந்தக் கூட்டத்துல கேட்டு, அங்க போடுவாங்க. நான் வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வந்து சொல்லுங்கக்கா. நீங்க சொல்லாத சாவு அவங்களுக்குச் சாவே இல்ல."

கெங்கம்மாளுக்குச் சொல்வதற்கு இருந்தது. சாந்தம்மாளுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றும் பேர் வைக்கும் முன்பே போனவை. நெல்லிமரத்தூரில் பேர் வைக்காமல் போன பிள்ளையைப் பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொல்லை மூலையில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, அதோடு வாயையும் மூடிவிட வேண்டும். ஒப்பாரி கிடையாது. அந்தப் பேச்சு அதே வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி காதில் மட்டும் விழவே கூடாது. விழுந்தால், போன பிள்ளை இடம் தேடி அவள் வயிற்றுக்கு வந்துவிடும், இருக்கிறதைத் தள்ளிவிட்டு அது உட்காரும் என்பார்கள். அந்த ஊரில் பிறந்த ஒருத்திகூட இதைச் சந்தேகப்பட்டதில்லை. கெங்கம்மாளும் பட்டதில்லை. தனக்கு முன்னும் பின்னும் கூடப் பிறந்தவர்கள் இருந்தார்கள் என்பதே சாந்தம்மாளுக்குத் தெரியாது.

"ஏங்க, அந்தக் கேள்வி மட்டும் இருக்கட்டும்னு சொல்லுங்க" என்றாள் கெங்கம்மாள். "நர்சு வந்தா நம்ம சாந்தாவுக்கு நல்லது. அந்தப் பொண்ணு அடிச்சிச் சொல்லுது."

துரைக்கண்ணு கூடை முடைந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"உனக்கு இன்னா தெரியும்? வேடியப்பன தெனம் பாத்துக்கினுதானே கீற? புள்ள எத்தினின்னு கேப்பான். அப்பறம் போதும்னு அவனே முடிவு பண்ணுவான். நாளிக்கு தசரதன் ஊருக்கு வர்றப்போ லாரில ஏத்திக்கினு போனா, அப்ப எந்த நர்சு வந்து பாப்பா?"

"அதுக்காவ..."

"நர்சு வர்ற வண்டியிலதான் கத்தியும் வரும். நீ சும்மா கெட. பேசறதுன்னா நான் பேசிக்கிறேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. குடித்துவிட்டு உளறுகிறவனாக இருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். இவன் மகளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் பிடிவாதம் பிடித்தான். அவளும் அதற்குத்தான் பிடித்தாள். கடைசியில் அவன் பேச வேண்டியதை அவன் பேசட்டும், நாம் பேச வேண்டியதை நாம் பேசிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

சந்தை நாள் வந்தது. ஊர் ஆண்கள் விடிந்ததும் கூட்டமாக இறங்கிவிட்டார்கள். ரபியா மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் கெங்கம்மாள் சாந்தம்மாளையும் அழைத்துக்கொண்டுதான் கிளம்பினாள். பாறைக்குப் பாறை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கொண்டுபோய்ச் சேர்த்தாள். வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. ரபியா மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். கெங்கம்மாளின் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள்.

"இன்னிக்குச் சொல்லிடுங்கக்கா."

"சொல்றேன். இவ இங்கயே படுத்திருக்கட்டும்."

"ரூம பூட்டச் சொல்லிட்டாங்களே. எல்லாரும் கூட்டத்துல நிக்கணும்னு ஆர்டர்."

கெங்கம்மாள் மகளை வளையல் கடை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இங்கயே குந்தியிரு கண்ணு. ஒரு நொடியில வந்துடறேன்" என்றாள். சாந்தம்மாள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நான் தனியா இருக்க மாட்டேம்மா. அங்க லாரி நிக்குது பாரு."

"அது நாற்காலி ஏத்திக்கினு வந்த லாரிடீ."

"எதுவானா இருக்கட்டும். நானும் வர்றேன்."

எத்தனை கெஞ்சியும் கேட்கவில்லை. மலைப் பெண்களில் யாரும் அந்த நாளில் லாரிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார மாட்டார்கள். பயமுறுத்தி வைத்தவர்கள் வேறு எங்கோ சௌகரியமாக இருந்தார்கள். இங்கே வீங்கின காலோடு ஒரு பெண் அம்மாவின் பின்னாலேயே வந்தாள்.

பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. வேலூரிலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடி போட்டவர், சாந்தமான முகம். பக்கத்தில் ஒரு குமாஸ்தா எழுந்து நின்று கேள்விகளைப் படித்தார். குடிதண்ணீர், கூரை, காய்ச்சல், மாடு, கோழி என்று வந்தவரை யாரும் அசையவில்லை. "கடந்த ஐந்தாண்டுகளில் இக்குடும்பத்தில் நிகழ்ந்த கருத்தரிப்பு, பிரசவம், கருச்சிதைவு, சிசு மரணம் ஆகியவற்றின் விவரம்" என்று அவர் படித்ததும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதிகாரியே எழுந்து எளிமையாக விளக்கினார். புரிந்ததும் கூட்டம் ஒரே குரலில் முணுமுணுத்தது.

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான்.

"ஐயா, வணக்கங்க. எங்க வூட்டுக் கூரைய எண்ணுங்க. மாட்ட எண்ணுங்க, கோழிய எண்ணுங்க. குஞ்சோட சேத்து எண்ணுங்க, நாங்க புடிச்சிக் குடுக்கறோம். எங்க பொம்பளைங்க வயித்துல இன்னா கீது, இன்னா இல்லன்னு சர்க்காருக்கு இன்னாங்க வேலை? போன தடவ இதையேதான் கேட்டாங்க. கேட்டுட்டு இன்னா செஞ்சாங்கன்னு அதோ நிக்கறான் பாருங்க, அவன கேளுங்க."

கூட்டம் திரும்பி வேடியப்பனைப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கைதட்டல் எழுந்தது. சந்தையில் மாடு மிரண்டு கத்துகிற அளவுக்குத் தட்டினார்கள்.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். "உங்க உணர்வு எனக்குப் புரியுது. மக்கள் வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். ஒரு கேள்வி குறைந்தால் அவருக்கும் ஒரு தலைவலி குறைந்தது. பிறகு, மரத்தடியில் ஒதுங்கி நின்ற பெண்கள் பக்கம் பார்த்து, "தாய்மார்களும் சொல்லலாம். இதுல உங்க அபிப்பிராயம்தான் முக்கியம்" என்றார்.

பெண்கள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மறைந்தார்கள். ரபியா சுவரோரமாக நின்று கெங்கம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றேங்க" என்றாள் கெங்கம்மாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. அத்தனை ஆண்களின் முகமும் திரும்பியது. அதில் துரைக்கண்ணுவின் முகமும் இருந்தது. "எங்க பக்கம் ஒரு நர்சு வேணுங்க. நெல்லிமரத்தூருல."

"ரொம்ப நல்லதும்மா. பயப்படாம சொல்லு. எதுக்கு வேணும்? உங்க ஊர்ல கைக்குழந்தைங்க செத்துப்போகுதா? உனக்கு அப்படி ஏதாவது போயிருக்கா?"

நேரான கேள்விதான். அவள் அதற்குத்தான் இரண்டு மலை தாண்டி வந்திருந்தாள். மூணு போச்சுங்க. மூன்று வார்த்தைகூட இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நிற்க முடியாமல் சாந்தம்மாள் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முழங்காலில் முதுகைச் சாய்த்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அண்ணாந்து பார்த்தாள். கெங்கம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். கொல்லை மூலையில் மூன்று கல்லுக்கு அடியிலிருந்து மூன்றும் எழுந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"இல்லீங்க" என்றாள். "எங்க ஊருல யாரும் சாவல."

"உனக்கு?"

"எனக்கும் இல்லீங்க."

"அப்போ நர்ஸ் எதுக்கும்மா?" என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டே. அன்பாகத்தான் சிரித்தார். ஆண்களும் சிரித்தார்கள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை. அந்த மூன்று குழியையும் வெட்டியவன் அவன்தான். ஆனால் அவனும் பேசவில்லை. பேச முடியாது. மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து மேற்குச் சரிவிலிருந்து வந்த ஒருத்தி எழுந்து, தனக்கு இரண்டு, தன் ஓரகத்திக்கு ஒன்று என்று அழுதுகொண்டே சொன்னாள். அவளோடு பிள்ளைத்தாய்ச்சி யாரும் வந்திருக்கவில்லை. குமாஸ்தா அந்த ஊர்ப் பேரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது துரைக்கண்ணுவின் கழுத்தில் சந்தையில் வாங்கின சாமந்தி மாலை கிடந்தது. சர்க்காரையே பின்வாங்க வைத்த ஆள் என்று வழியெல்லாம் பேச்சு. கேள்வியை எடுத்துவிட்டார்கள் என்று பத்து நாளில் தகவலும் வந்துவிட்டது. அன்றைக்கு வேடியப்பன் சிரித்தான். இரண்டு வருஷமாக அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு கெங்கம்மாளால் ஊரைத் திட்டவும் முடியவில்லை.

நர்ஸ் மேற்குச் சரிவுக்குப் போனாள். ரபியாதான் போனாள். அங்கே அவளுக்கு ஓடு போட்ட ஒரு அறையும் கிடைத்தது. நெல்லிமரத்தூரிலிருந்து அங்கே போக ஜமுனாமரத்தூரையும் தாண்டிப் போக வேண்டும்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில் சாந்தம்மாளுக்கு வலி எடுத்தது. ஊரில் பிரசவம் பார்க்கிற ஜெயம்மாள் வந்தாள். உச்சிப்பொழுதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, நல்ல குரல். ஜெயம்மாள் தொப்புள்கொடியை அறுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சாந்தம்மாளின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பல் கிட்டிக்கொண்டது. யாரோ வேப்பிலை கொண்டுவா என்றார்கள். கெங்கம்மாள் போட்ட கூச்சல் மழையையும் மீறிக் கேட்டது.

"சாமியும் இல்ல, பேயும் இல்ல. வலிப்பு! நர்சு சொன்ன வலிப்பு! தூக்குங்கடா!"

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டிப் பெண்ணைக் கிடத்தினார்கள். முன் தோள் வேடியப்பன் கொடுத்தான். பின் தோள் துரைக்கண்ணு. கெங்கம்மாள் பக்கத்தில் ஓடினாள். வழியெல்லாம் சேறு. முதல் மலை ஏறுவதற்குள் இரண்டு தடவை இழுத்தது. இரண்டாவது மலை அடிவாரத்தில் இழுப்பு நின்றது. எல்லாம் நின்றது. கெங்கம்மாள் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எறக்காதீங்கடா" என்றான் துரைக்கண்ணு. "நட வேடியப்பா. நர்சு பாக்கட்டும். நட." வேடியப்பன் அழுதுகொண்டே நடந்தான். கொஞ்ச தூரம் போய்த்தான் இருவரும் நின்றார்கள்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு ரபியா விசாரித்துக்கொண்டு வந்தாள். செருப்பெல்லாம் சேறு. வாசலில் நின்று, வீட்டுக்குள் வராமலே அழுதாள்.

"ஏன்க்கா சொல்லல? அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இங்கதானே இருந்திருப்பேன்."

"எப்பிடிச் சொல்லுவேன் தாயி? அவ கேட்டுக்கினு குந்தியிருந்தாளே." கெங்கம்மாள் ஊர் வழக்கத்தை அவளுக்குச் சொன்னாள். மூன்று பிள்ளையையும் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். ரபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனியா வந்து சொல்லியிருக்கலாமேக்கா. அந்த ஐயாகிட்ட."

"எங்கள தனியா யாரும்மா கேட்டாங்க? ஊரக் கூட்டி வெச்சி, நடுவுல நிக்க வெச்சி, செத்த புள்ள எத்தினின்னு கேட்டா எந்தத் தாயி சொல்லுவா?"

கெங்கம்மாள் பதிலுக்காகக் கேட்கவில்லை. கேட்டவர் மேல் அவளுக்குக் கோபம், கைதட்டினவர்கள் மேல் கோபம், எல்லாரையும்விடத் தன் மேல் கோபம். புருஷனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். புளியை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பினான். போளூருக்குப் போகவில்லை.

மாசி மாதத்தில் கணக்கெடுக்கிறவன் வந்தான். கீழ்நாட்டுப் பையன், படித்தவன், மரியாதை தெரிந்தவன். மலையேறிய களைப்பில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். கெங்கம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். துரைக்கண்ணு சுவரோரமாகக் குந்தியிருந்தான்.

தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டான். கூரை என்ன கூரை, மாடு எத்தனை, கோழி எத்தனை, போன வருஷம் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, கொசு மருந்து அடித்தார்களா. எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவன் பேனாவை மூடினான்.

"அவ்ளோதானா?" என்றாள். "செத்தவங்கள கேக்கலியே தம்பி?"

"அந்தக் கேள்வி இல்லம்மா. முதல்ல இருந்துச்சாம். இந்த மலைக்காரங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். கூட்டத்துல ஒரு பெரியவர் பிரமாதமா பேசினாராம். எங்க டிரெயினிங்ல கூட சொன்னாங்க."

மூலையிலிருந்து துரைக்கண்ணு எழுந்து வந்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் ஒரு அந்நியன் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அந்தப் பெரியவன் நான்தான் தம்பி. நான்தான் வேணான்னேன். இப்ப நானே சொல்றேன், வேணும். எழுதிக்கோ."

பையனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அதுக்கெல்லாம் தேதி இருக்குங்க. ஆட்சேபணை சொல்ற தேதி எப்பவோ முடிஞ்சிடுச்சுங்களே" என்றான்.

"எழுதாட்டி போ. கேட்டுக்கினாவது போ" என்றாள் கெங்கம்மாள். இனி அந்த வீட்டில் எந்தக் காதுக்கு அவள் பயப்பட வேண்டும்? சாந்தாவுக்கு முன்னால் போன இரண்டையும், பின்னால் போன ஒன்றையும் சொன்னாள். சாந்தாவைச் சொன்னாள். கால் வீங்கியதை, லாரிக்குப் பயந்து தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்ததை, இரண்டாவது மலை அடிவாரத்தை. பையன் குறுக்கே பேசாமல் கேட்டான். கண்கூடக் கலங்கியது அவனுக்கு. நல்ல பிள்ளைதான்.

கேட்டு முடித்து, "ரேஷன் கார்டு மட்டும் காட்டுங்கம்மா, தலைக்கணக்கு சரிபார்க்கணும்" என்றான். அவள் எடுத்து வந்து கொடுத்தாள். கல்யாணமாகிப் போனபோதும் சாந்தம்மாள் பேரை அதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க அலைய யாருக்கும் நேரம் இருந்ததில்லை. கார்டில் மூன்று பேர். பையன் துரைக்கண்ணுவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மடியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான். பேனாவைத் திறந்து ஒரு டிக் போட்டான்.

"மூணு பேர். சரியா இருக்கும்மா" என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். "யாரும் குறையல."